திரும்பக் கேட்க வேண்டாம்

நான் எழுதியது இருநூற்றுப் பன்னிரண்டு சொற்கள். எழுதி முடித்ததும் இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் ஆலையின் ஸ்டோரில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கும் ஒரு பெண்ணை, அந்தச் சொற்களை ஆதாரமாக வைத்து வேலையைவிட்டு அனுப்பத் தயாரானார்கள். அவர் பொய் சொன்னதாகக் குற்றச்சாட்டு. அவர் பொய் சொல்லவில்லை. நான்தான் தவறாக எழுதிவைத்திருந்தேன். இது நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆறிப்போன விஷயம்போல இதை எழுத எனக்கு வரவில்லை.

மூன்று மாவட்டங்களில், ஆறு நீதிமன்றங்களில், முப்பத்து நான்கு வருடம் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் நான். சாட்சிகள் தமிழில் சொன்னதை ஆங்கிலத்தில் ஆக்கி மேல்முறையீட்டுக்கு அனுப்புவது என் வேலை. ஓய்வு பெற்று எட்டு வருடமாகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வீடு. மனைவி போய் நான்கு வருடம் இரண்டு மாதம். ஒரே மகள். கிருஷ்ணன்கோவிலில் பொறியியல் படித்து, சென்னையில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில் சின்ன மென்பொருள் நிறுவனம் நடத்துகிறாள். அவளோடு சேர்த்து நான்கு பேர். வாடிக்கையாளர்கள் ஐந்து ஆலைகள். ஐந்தில் பெரியது அந்தப் பேண்டேஜ் ஆலை.

தினமும் காலையில் பஸ் ஏறி நானும் அங்கே போகிறேன். "வீட்டுல உக்காந்து மாத்திரையத்தான எண்ணப் போறீக, இங்க வந்து எண்ணுங்க" என்று மகள்தான் கூப்பிட்டாள். இருபத்தெட்டு நிமிடப் பயணம், பதினேழு படி ஏற வேண்டும். ஒரு மேஜை கொடுத்தாள்.

அவர்கள் செய்யும் பொருள் ஒரு வேலைப் பலகை. கணினித் திரையிலும் கைபேசியிலும் தெரியும். ஆலையில் நடக்க வேண்டிய ஒவ்வொரு வேலைக்கும் அதில் ஒரு அட்டை இருக்கும். யார் செய்ய வேண்டும், எப்போதைக்குள், இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று அட்டை சொல்லும். முன்பு மேற்பார்வையாளர்கள் கையால் நிலையை மாற்றினார்கள். யாரும் ஒழுங்காகச் செய்யவில்லை. அதனால் மகள் ஏ.ஐ. ஏஜென்ட் ஒன்றைச் சேர்த்தாள். ஏஜென்ட் என்றால் ஆள் இல்லை. ஆலையில் இருப்பவர்கள் கைபேசியில் பேசி அனுப்புவதை எழுத்தாக்கி, படித்துப் புரிந்துகொண்டு, அட்டையின் நிலையைத் தானே மாற்றுகிற நிரல்.

நிலையை மாற்றுவதற்கு என்று பலகையில் ஒரு ஃபங்ஷன் உண்டு. அதை எப்போது கூப்பிட வேண்டும், எப்போது கூப்பிடக் கூடாது, கூப்பிடும்போது என்னென்ன விவரம் தர வேண்டும் என்பதை யாராவது எழுதிவைத்தால்தான் ஏஜென்ட்டுக்குத் தெரியும். எழுதிவைத்ததற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. ஆலையில் பேசுகிறவர்கள் எல்லோரும் தமிழில் பேசுகிறார்கள், அதனால் விவரக் குறிப்பும் தமிழில் இருக்கட்டும் என்று மகள் என்னிடம் கொடுத்தாள். எட்டு வருடம் கழித்து ஒருவர் என்னிடம் ஒரு தாளை நீட்டி, சரியாக எழுதித் தாருங்கள் என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆலையில் பயிற்சி கொடுத்த அன்று நானும் போயிருந்தேன். அங்கேதான் ஸ்டோர் அம்மாவை முதலில் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டியவர், தெலுங்கு பேசும் குடும்பம், வாய் ஓயாது. நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். ஒரு ஃபங்ஷனுக்காக எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன்.

"ஃபங்ஷனா? யாருக்குங்கய்யா, காதுகுத்தா சடங்கா?" என்றார். "பந்தி உண்டா, வெறும் காப்பியோட அனுப்பிருவீகளா?"

பதினோரு பேர் சிரித்தார்கள். பிறகு கைபேசியை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, "ஏட்டி, கேக்குதா? நாந்தான் ஸ்டோர்ல இருந்து பேசுதேன். பஞ்சு வந்துருச்சு, எறக்கிட்டாக, போய் எழுதிக்க" என்று ஏஜென்ட்டை அதட்டினார். நான்கு நொடியில் அட்டை மாறியது. "நல்ல பிள்ளதான்" என்றார்.

அட்டைக்கு நான்கு நிலைகள்: தொடங்கவில்லை, நடக்கிறது, தடை, நான்காவது வேலை முடிந்த நிலை. அந்த நான்காவதற்கு மகள் 'முடிந்தது' என்று போட்டிருந்தாள். எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு ஆலையில் தினமும் நூறு தடவை திரையில் 'முடிந்தது, முடிந்தது' என்று வருவது நன்றாக இல்லை. கடையைச் சாத்துகிறவர்கூட 'எடுத்து வைக்கிறேன்' என்றுதான் சொல்லுவார். 'நிறைவு' என்று மாற்றினேன். மகள் இரண்டு முறை படித்துவிட்டு, "நல்லாருக்குப்பா" என்றாள். எனக்கு அன்று முழுவதும் சந்தோஷம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். குறிப்பில் கவனமாக இருக்கிறேன் என்று இதையும் சேர்த்தேன்: "பணியாளர் 'நிறைவு', 'நிறைந்தது', 'நெறஞ்சிருச்சு' ஆகிய சொற்களில் எதைச் சொன்னாலும் அட்டையின் நிலையை 'நிறைவு' என மாற்றவும். திரும்பக் கேட்க வேண்டாம். பணியாளரின் நேரம் வீணாகும்." பேச்சு வழக்கைக்கூட விடாமல் பிடித்துவிட்டேன் என்று பெருமைப்பட்டேன். அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு டிக் போட்டது இன்னும் என் தாளில் இருக்கிறது.

ஏஜென்ட் வேலையைத் தொடங்கி மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய சரக்கு. கிருமி நீக்கிய பேண்டேஜைத் தனித்தனிக் கவரில் போட்டு ஒட்டி, நாற்பது பெட்டி கட்ட வேண்டும். பலகையில் அந்த அட்டையின் பெயர் 'கவர் பேக்கிங், நாற்பது பெட்டி'. காலை பத்து பதினான்குக்கு ஸ்டோர் அம்மா ஒரு செய்தி பேசி அனுப்பினார். பத்து பதினான்குக்கே அட்டை 'நிறைவு' ஆனது. அதைப் பார்த்து லாரிக்குச் சொல்லிவிட்டார்கள். மூன்று மணிக்கு லாரி வந்தது, வாங்குகிற ஆஸ்பத்திரியின் ஆளும் கூடவே வந்தார். கட்டியிருந்தது பதின்மூன்று பெட்டி. லாரி வெறுமனே திரும்பியது.

மறுநாள் காலை ஆலையின் மேலாளர் மகளுக்குப் போன் செய்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், இங்கே வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. மகள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"உங்க ஏஜென்ட்டு மேல தப்பே இல்லீங்க. அது கரெக்ட்டா எழுதி வெச்சிருக்குது. அந்தம்மாதான் வேலை முடிஞ்சுதுன்னு பொய் சொல்லிப்போட்டு, இப்ப நான் அப்படிச் சொல்லவேயில்லீங்கறாங்க. வெள்ளிக்கெழம பதினொரு மணிக்கு விசாரணை வெச்சிருக்கறேன். அதுவரைக்கும் வேலைக்கு வர வேண்டாம்னு வீட்டுக்கு அனுப்பிச்சுட்டேங்க. உங்க லெட்டர்ஹெட்ல ஒரு லெட்டர் வேணுங்க. எதை வெச்சு அட்டை மாறுதுங்கற டாக்குமெண்டையும் கூட இணைச்சுக் குடுத்துருங்க. அதுக்கப்பறம் அந்தம்மாவ அனுப்பிச்சரலாம்."

மகளுக்கு முகத்தில் ஒரு வெளிச்சம். மூன்று வாரமாக அந்த மேலாளரிடமிருந்து குறை மட்டுமே கேட்டிருந்தாள். "அப்பா, உங்க குறிப்ப ஒரு பிரிண்ட் எடுத்துருங்க" என்றாள்.

பிரிண்ட் எடுக்கும் முன் அந்தச் செய்தி என்ன என்று பார்க்கலாம் என்று பதிவைத் திறந்தேன். எழுத்தாக்கப்பட்ட வாக்கியம் இரண்டே சொல். "கவர் நெறஞ்சிருச்சு."

 மறுபடி படித்தேன்.

இந்தப் பக்கத்தில் சில வீடுகளில் அரிசி தீர்ந்தால் தீர்ந்தது என்று சொல்ல மாட்டார்கள். உப்பு இல்லை, எண்ணெய் இல்லை என்று வாயால் சொன்னால் இல்லாமலே போய்விடும் என்று ஒரு கூச்சம். நெறஞ்சிருச்சு என்பார்கள். ராஜபாளையத்தில் தெலுங்கு பேசுகிற வீடுகளில் இது இன்னும் அதிகம், அவர்கள் பாஷையில் அதற்கென்றே சொல் இருக்கிறது. கவர் நெறஞ்சிருச்சு என்றால் கவர் தீர்ந்துவிட்டது, பெட்டி கட்ட முடியாது, வாங்கி அனுப்புங்கள். அவர் சரியான நேரத்தில் சரியான தகவலைச் சொல்லியிருக்கிறார். நான் 'முடிந்தது' என்ற சொல்லுக்குக் கூச்சப்பட்டு 'நிறைவு' என்று எழுதினேன். அவர் 'தீர்ந்தது' என்ற சொல்லுக்குக் கூச்சப்பட்டு 'நெறஞ்சிருச்சு' என்று சொன்னார். நடுவில் இருந்த இயந்திரத்துக்குக் கூச்சம் கிடையாது.

எனக்கு இது தெரியாது என்றால்கூட ஒரு ஆறுதல் இருக்கும். எனக்குத் தெரியும். வேலையில் சேர்ந்த ஆறாவது வருடம் ஒரு கிடங்குத் திருட்டு வழக்கில் சாட்சி, "நாங்க போறப்பவே மூட்ட நெறஞ்சிருந்துச்சு" என்று சொன்னார். மூட்டைகள் முழுதாக இருந்தன என்று நான் ஆங்கிலத்தில் எழுதினேன். மேல்முறையீட்டில் ஒரு வக்கீல் கண்டுபிடித்தார். அந்த ஒரு வரிக்காக மறுபடி சாட்சி விசாரித்து ஏழு மாதம் இழுத்தது. அந்த ஏழு மாதமும் ஒருவர் சிறையில் இருந்தார். இதே சொல். இதே நான்.

பழைய பதிவுகளைத் தேடினேன். மூன்று வாரத்தில் ஸ்டோர் அம்மா அந்தச் சொல்லை மூன்று தடவை சொல்லியிருக்கிறார். நூல், டேப், கவர். நூலுக்கும் டேப்புக்கும் அந்தப் பெயரில் அட்டை இல்லாததால் ஏஜென்ட் ஒன்றும் செய்யாமல் விட்டிருக்கிறது. மூன்றாவது தடவை அட்டை இருந்தது.

மகளிடம் சொன்னேன். அவள் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நெசமாவா? இல்லங்கிறதுக்கா நெறஞ்சிருச்சும்பாக?"

"ஆமா."

"இத எழுதுறப்ப ஒங்களுக்குத் தோணலயா?"

"தோணல."

"இப்ப என்ன செய்யணும்ங்கீக?"

"நம்ம தப்புன்னு எழுதிக் குடுக்கணும்."

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "அப்பா, கொஞ்சம் நெனச்சுப் பாருங்க. நம்ம தப்புன்னு நம்மளே எழுதிக் குடுத்தா அவிய அன்னைக்கே நம்மள எடுத்துருவாக. மத்த நாலு மில்லுக்காரவுகளும் ஒண்ணா உக்காந்துதான் காப்பி குடிக்காக. ஒரு வாரத்துல எல்லாரும் போயிருவாக. வெளிய உக்காந்திருக்க மூணு பேருக்கும் நான்தான வீட்டுக்குப் போங்கன்னு சொல்லணும்?"

"அந்தம்மாவ இப்பவே வீட்டுக்குப் போன்னுட்டாகளே."

"எனக்குத் தெரியாதா?" என்று கத்தினாள். பிறகு குரலைத் தணித்து, "எனக்குத் தெரியாதாப்பா?" என்றாள்.

அன்று இரவு மாத்திரை போட்டேனா என்று இரண்டு தடவை சந்தேகம் வந்து மாத்திரை அட்டையை எண்ணினேன். எண்ணிக்கை சரியாக இருந்தது, போட்ட ஞாபகம் மட்டும் வரவில்லை.

வியாழக்கிழமை காலை விசாரித்துக்கொண்டு ஸ்டோர் அம்மாவின் வீட்டுக்குப் போனேன். அய்யனார் கோவில் மலை நேராகத் தெரிகிற தெரு. வாசலில் கோலம் போட்டிருந்தது, கதவு திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முறத்தில் உளுந்தைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டார். நான் சொல்லி முடிக்கும் வரை ஏழு கல் எடுத்திருந்தார்.

"அப்ப அந்தக் கழுதைக்குச் சொல்லிக் குடுத்தது நீங்கதானா?" என்றார்.

"ஆமாம்மா."

"நான் ரெண்டு நாளா அதத்தான் வஞ்சுக்கிட்டிருக்கேன். பாவம் அது." முறத்தைத் தட்டினார். "எங்க பாஷையில 'நிண்டுகுந்தி'ம்போம். தமிழ்ல நெறஞ்சிருச்சும்போம். மில்லுல பாதிப் பேருக்கு இது தெரியும். ஒருத்தனாவது வாயத் தொறந்தானா? புது மேனேசர் முன்னால எல்லாத்துக்கும் தொண்ட கட்டிக்கிருச்சு." பிறகு திடீரென்று கேட்டார்: "ஐயா கோர்ட்டுல இருந்தீகளாமே?"

"முப்பத்து நாலு வருசம்."

"அங்க எம்புட்டுத் தப்புப் பண்ணுனீக?"

"மூணு" என்றேன். யோசிக்காமல் வந்தது. அந்தக் கணக்கு எப்போதும் என் நாக்கு நுனியில் இருக்கும். ஓய்வு பெற்ற அன்று மேடையில்கூடச் சொன்னேன்.

"கண்டுபிடிச்சது மூணு" என்றார்.

தெருவில் ஒரு டெம்போ போய்க்கொண்டிருந்தது. அது முனை திரும்பும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்து நான்கு வருடத்தில் எத்தனை வாக்குமூலம், எத்தனை பக்கம் என்று மனம் தன்னால் பெருக்க ஆரம்பித்தது. நிறுத்த முடியவில்லை.

வந்த விஷயத்துக்குத் திரும்பினேன். "நாளைக்கு மேனேஜர் முன்னால ஒரே ஒரு வார்த்த சொல்லிருங்கம்மா. இனிமே தீந்துபோச்சுன்னா தீந்துபோச்சு, இல்லன்னா இல்லன்னே சொல்லிருதேன்னு. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

"அது நடக்காது. ஸ்டோருக்குள்ள நின்னுக்கிட்டு அந்தச் சொல்ல நான் சொல்ல மாட்டேன். இருவத்திரெண்டு வருசத்துல சொன்னதில்ல. சாமி படம் மாட்டியிருக்கு அங்க."

"பின்ன அதுக்கு எப்படித்தான் தெரியும்?"

"திரும்பக் கேட்டா நான் சொல்லிருப்பேன்ல? முன்னாலெல்லாம் நெறஞ்சிருச்சுன்னா சூப்பர்வைசர் கேப்பாரு, நான் சொல்லுவேன், அம்புட்டுத்தான். அது ஏன் கேக்கல?"

கேட்க வேண்டாம் என்று எழுதியதும் நான்தான் என்று சொன்னேன். அவர் முறத்திலிருந்து இன்னொரு கல்லை எடுத்து வீசினார்.

"சரி, இல்லையான்னு அது திரும்பக் கேட்டா?" என்றேன்.

"அப்படி எவனாவது கேப்பானா? இல்லையான்னு கேக்கக் கூடாது. வாங்கணுமான்னு கேக்கணும். வாங்கணும்ம்பேன்."

அங்கிருந்து நேரே அலுவலகம் வந்து குறிப்பை மாற்றி எழுதினேன். 'நெறஞ்சிருச்சு' என்பதை நிறைவுப் பட்டியலிலிருந்து எடுத்தேன். "இச்சொல் பொருள் தீர்ந்துவிட்டது என்றும் பொருள்படும். இதை மட்டும் கேட்டு நிலையை மாற்றக் கூடாது. 'வாங்கணுமா?' என்று ஒரு முறை திரும்பக் கேட்கவும். 'இல்லையா?' என்று கேட்கக் கூடாது." வாங்கணும் என்று பதில் வந்தால் நிலை 'தடை'. நான்காவது நிலையின் பெயரை 'வேலை ஆயிற்று' என்று மாற்றினேன். இரண்டாவது தாளில் நடந்த தவறை, அது என்னுடையது என்பதை, எட்டு வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டையும் மகள் மேஜையில் வைத்தேன். அவள் எடுத்துப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவளே ஸ்கூட்டரில் என்னை அழைத்துப் போனாள். அவள் பையில் ஒரு ஃபைல் இருந்தது. மேலாளர் கேட்ட கடிதம் அதில் இருக்கிறதா என்று வழி முழுவதும் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. மேலாளர் அறையில் ஐந்து நாற்காலி. ஸ்டோர் அம்மா மட்டும் நின்றார்.

நான் என் தாளைப் படித்தேன்.  மேலாளர் குறுக்கிடாமல் கேட்டார், கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன்.

"ஏனுங்க சார், இல்லைங்கறதுக்கு நெறஞ்சுதுன்னு சொல்லுவாங்கன்னா, அப்ப நெறஞ்சதுக்கு என்ன சொல்லுவாங்க?" என்றார்.

"நெறஞ்சிருச்சும்போம்" என்றார் ஸ்டோர் அம்மா.

"பாத்தீங்களா?"

"ஆளப் பாத்தா தெரியும்ல. நெறஞ்சவன் மொகம் அப்படியா இருக்கும்?"

மூலையில் உட்கார்ந்து குறிப்பு எடுத்துக்கொண்டிருந்த மேற்பார்வையாளர் சிரிப்பை இருமலாக்கினார். மேலாளர் சிரிக்கவில்லை. என் தாளைத் தூக்கிப் பிடித்து மகளிடம் கேட்டார்: "இது உங்க கம்பெனி லெட்டருங்களா, அப்பாவோட லெட்டருங்களா?"

மகள் ஃபைலைத் திறந்தாள். அதில் லெட்டர்ஹெட்டில் அடித்த கடிதம் ஒன்று இருந்தது. அவர் கேட்ட கடிதம். என் கண்ணுக்கு முதல் வரி தெரிந்தது. அவள் அதை எடுக்கவில்லை. ஃபைலில் செருகியிருந்த பேனாவை மட்டும் எடுத்து, கையை நீட்டி என் தாளை வாங்கி, என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். 

மாற்றிய குறிப்பைக் காலையிலேயே ஏஜென்ட்டில் ஏற்றியிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "வேணும்னா இப்பவே பேசிப் பாருங்க சார்" என்றாள். மேலாளர் கைபேசியை ஸ்டோர் அம்மாவிடம் தந்தார். அவர் வாங்கிக்கொண்டு, "கவர் நெறஞ்சிருச்சு" என்றார். சில நொடியில் திரையில் 'வாங்கணுமா?' என்று வந்தது. "வாங்கணும்" என்றார். அட்டை 'தடை' என்று மாறியது. மேலாளர் தானும் வாங்கிப் பேசினார்: "டப்பா நெறஞ்சிருச்சு." 'வாங்கணுமா?' என்று கேட்டது. "இல்லப்பா, நெசமாலுமே நெறஞ்சிருச்சு" என்றார். மறுபடியும் 'வாங்கணுமா?' என்றது. ஒரு முறை என்று நான் எழுதியிருந்தும் இரண்டு முறை கேட்டது.

"ஒவ்வொண்ணுக்கும் இப்படிக் கேட்டுட்டிருந்தா நான் எப்பங்க வேலை பாக்கறது?" என்று கைபேசியை மேஜையில் வைத்துவிட்டார்.

தீர்ப்பு மூன்று பாகமாக வந்தது. ஸ்டோர் அம்மா திங்கட்கிழமை வேலைக்கு வரலாம். எங்கள் பலகை மாதக் கடைசியோடு போதும். லாரி வெறுமனே திரும்பியதற்குக் காகிதத்தில் யாராவது பதில் சொல்லியாக வேண்டும் என்பதால், 'தவறான தகவல் தந்தமைக்காக' ஸ்டோர் அம்மாவுக்கு எழுதிவைத்த மெமோ அப்படியே இருக்கும். அந்த ஆலையில் மூன்று மெமோ சேர்ந்தால் வேலை போகும். இருபத்திரண்டு வருடத்தில் அவருக்கு இது முதல்.

"தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட தகவல்னு மாத்தி எழுதலாம் சார். ஒரே சொல்தான் கூட வரும்" என்றேன். கெஞ்சினேன் என்பதுதான் சரி. "வேண்டாம்னா அந்த வரியவே எடுத்துரலாம்."

"காப்பி ஹெட் ஆபீஸ் போயிருச்சுங்க சார்."

ஸ்டோர் அம்மா மெமோவை வாங்கி, எழுத்துக் கூட்டி முழுதாகப் படித்தார். தவறான தகவல் என்ற இடத்தில் விரலை வைத்து என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு முன்பே அவருடைய செய்தி வந்தது. நான் பதிவைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன். "கவர். வாங்கணும்." அவ்வளவுதான். பதினோரு மணிக்கு, "பஞ்சு. வந்தது." அந்த வாரத்தில் அவரிடமிருந்து முப்பத்தொரு செய்தி வந்தது. ஒன்றிலும் மூன்று சொல்லுக்கு மேல் இல்லை. ஏட்டி என்று யாரையும் அவர் அதட்டவில்லை. சனிக்கிழமை மகள் கணக்குப் பார்த்துவிட்டு, "ஒரு தப்புக்கூட இல்லப்பா இந்த வாரம்" என்றாள். அவளுக்கும் அதில் சந்தோஷம் இல்லை. ஐந்து ஆலையில் இன்னொன்றும் போகப் போவதாகச் சொல்லியிருந்தது.

மெமோவை ரத்து செய்யச் சொல்லி ஆலை உரிமையாளருக்கு மூன்று கடிதம் எழுதிவிட்டேன். பதில் இல்லை. மாதக் கடைசிக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. அதற்குப் பிறகு என் கடிதத்தைப் பிரிக்க அங்கே யாருக்கும் ஒரு காரணமும் இருக்காது.

இன்று காலை நான்காவது கடிதத்துக்கு உட்கார்ந்தேன். 'அந்த மெமோவைத் திரும்பப் பெற வேண்டுகிறேன்' என்று எழுதி, அதிலேயே நின்றுவிட்டேன். மூன்று கடிதத்திலும் இதே வரிதான் இருக்கிறது. திரும்பப் பெறுவது என்றால் அந்தம்மா இன்னொரு தடவை மெமோ வாங்க வேண்டும் என்று யாராவது படித்துவிட்டால்? அலுவலகத்தில் படிக்கிறவர் எந்த ஊர்க்காரரோ, அவர் வீட்டில் எந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தமோ. கடிதத்தையே இப்போது ஆள் படிக்கிறாரா என்பதும் தெரியாது. அடித்தேன். 'ரத்து' என்று எழுதினேன், 'விலக்கிக்கொள்ள' என்று எழுதினேன், 'நீக்க' என்று எழுதினேன். நீக்க என்றால் யாரை நீக்க என்று கேட்பார்கள். அதையும் அடித்தேன். நான்கு தாள் போயிற்று.

கடைசியில், 'அந்தம்மா தவறு செய்யவில்லை. தவறு என்னுடையது. அவருக்குக் கொடுத்த மெமோவைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்' என்று எழுதி உறையில் போட்டேன். இதை வேறு மாதிரிப் படிக்க முடியாது என்று நினைக்கிறேன். ஒட்டுவதற்கு முன் இன்னும் ஒரு தடவை எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டும்.